யானைக்கால் நோய்க்கு மருந்து தந்த சுப்பாராவ்

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்றொரு பழமொழி உண்டு. வேலையின்றி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பவர்களைக் கேலி செய்வதாகப் பலர் அதற்குப் பொருள் சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தினால்தான் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடா ஓட வழி கிடைக்கும். கை நாடாவை எறிகிறது; கால் அதற்கு வழி திறக்கிறது. நாள் முழுவதும் காலை ஆட்டாதவருக்கு அங்கே கூலி கிடையாது. பழமொழி அதைத்தான் சொல்கிறது என்று நான் கருதுகிறேன்.

அந்தக் காலையே தேடிப் பிடிக்கும் நோய் ஒன்றும் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. யானைக்கால் நோய் நிலவும் மாவட்டங்களின் பட்டியலில் காஞ்சிபுரம் மாவட்டம் நீண்ட காலம் இடம்பெற்றிருந்தது. கோயில் திருவிழாக்களின் கூட்டத்தில் வீங்கிய காலை வேட்டியால் மறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் முதியவர்களை என் வயதொத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அது ஊரின் இயல்பு என்பதுபோல யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் எனக்கு இந்த நோய் முதலில் ஒரு கணக்காகவே அறிமுகமாயிற்று. 1990-களின் நடுவில், புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் நெசவாளர்களை ஆராய்ந்தார்கள். யானைக்கால் நோய் முற்றிய ஆண் நெசவாளர் நெய்த துணியின் அளவையும், நோயற்ற நெசவாளர் நெய்த அளவையும் ஒப்பிட்டார்கள். நோயுற்றவரின் உற்பத்தி நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முழத்துக்கும் சேலைக்கும் கணக்கிட்டுக் கூலி தரும் தொழிலில் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நாட்டின் மொத்த இழப்பைக் கணித்தவர்கள், இந்தியா இந்த ஒரு நோயால் ஆண்டுக்கு 80 கோடி டாலருக்கும் மேல் இழக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். உயிரைக் கொல்லாத நோய் என்பதால் மருத்துவமனைப் பதிவேடுகளில் இது பெரிதாகத் தெரிவதில்லை. ஆளைக் கொல்லாமல் அவரது வேலையைத் தின்னும் நோய்.

இதன் காரணி நூலிழை போன்ற ஒரு புழு. நிணநீர்க் குழாய்களில் குடியேறி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். அது ஈனும் லட்சக்கணக்கான நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. அந்த நேரத்தில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சி அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது. நுண்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்கின்றன என்பதை 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். மலேரியாக் கொசுவைப் போல நல்ல நீரை இந்தக் கொசு தேடுவதில்லை. சாக்கடையே இதற்கு உகந்த இடம். காஞ்சிபுரத்தின் நடுவே ஓடும் மஞ்சள் நீர்க் கால்வாய், பெயரில் மட்டும் மங்கலத்தை வைத்துக்கொண்டு கழிவுநீர் வடிகாலாகிப்போன கதையை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

நுண்புழுக்களை இரத்தத்திலிருந்து ஒழிக்கும் மருந்து 1947-ஆம் ஆண்டு வெளிவந்தது. டைஎத்தில்கார்பமசின் என்பது அதன் பெயர். ஹெட்ரசான் என்று சொன்னால் பலருக்கு நினைவு வரும். ஈஸ்னோபீலியா என்று சொல்லி நம் ஊர் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்துவந்த மாத்திரையும் இதுதான். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்து, இங்கேயே மருத்துவம் பயின்று, இங்கே ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டுக் கப்பலேறியவர். எல்லாப்ரகட சுப்பாராவ் என்ற அந்த மனிதரின் பெயரை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்லித்தரவில்லை.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் நான்காமவர். தந்தை ஜகந்நாதம் அரசு வருவாய்த் துறையில் சிறு பணியிலிருந்து உடல்நலம் குன்றி ஓய்வுபெற்றவர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதளவில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டைவிட்டு ஓடிய சிறுவனைத் தாய் வெங்கம்மா பாதி வழியில் பிடித்துவந்து படிக்க வைத்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற ஆவல் அவருக்கு இருந்தது. மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற அறிவுரைக்குப் பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரியை மணந்தார். படிப்புச் செலவில் பெரும்பகுதியை மாமனார் ஏற்றார்.

மருத்துவக் கல்லூரிக் காலத்தில் நடந்த இரண்டு செய்திகள் அவரது பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தன. முதலாவது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் அறுவைக் கூடத்திலும் கதர் உடை அணியத் தொடங்கியது. அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. மாகாண மருத்துவப் பணியில் சேரும் கதவு அத்துடன் அடைபட்டது. ஒரு முழத் துணிக்காக ஒருவர் வாழ்க்கையின் திசை மாறியது என்பதை நெசவு ஊர்க்காரர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்கக்கூடும்.

இரண்டாவது செய்தி துயரமானது. அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் இறந்தார்கள். இருவரையும் கொன்றது ஸ்புரூ என்ற வெப்பமண்டல நோய். உண்ட உணவு உடலில் சேராமல் கழிந்துபோகும், இரத்தம் வெளுக்கும், ஆள் மெலிந்து மடிவார். அன்றைய மேலை மருத்துவத்தில் அதற்கு மருந்து இல்லை. சுப்பாராவையும் அந்நோய் பற்றியதாகவும், ஆயுர்வேத சிகிச்சையால் அவர் தேறியதாகவும் சொல்லப்படுகிறது. ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதி சென்னையில் நடத்திவந்த கல்லூரியில் அவர் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்ததற்கு வேலை தேவைப்பட்டது மட்டும் காரணமாக இருந்திருக்காது. இந்த லட்சுமிபதி, விடுதலைப் போராட்ட வீராங்கனை ருக்மிணி லட்சுமிபதியின் கணவர் என்பதைச் சென்னைவாசிகள் நினைவில் கொள்வார்கள்.

அந்தக் கல்லூரியில் அவர் செலவிட்ட நாள்களைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியமானதாகப் படுகிறது. மூலிகையிலும் விலங்குப் பொருளிலும் ஏதோ ஒன்று நோயைக் குணப்படுத்துகிறது என்பதை வைத்தியர் அனுபவத்தால் அறிவார்; அந்த ஏதோ ஒன்று எது என்று பிரித்தெடுத்துக் காட்டுவது வேதியியலாளரின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வெளியில்தான் சுப்பாராவ் பின்னாளில் தம் உழைப்பு முழுவதையும் செலுத்தினார். ஆயுர்வேதத்தை மூடநம்பிக்கை என்று தள்ளவுமில்லை. நிரூபிக்கத் தேவையில்லை என்று அதன்முன் கைகட்டி நிற்கவுமில்லை. இன்று இந்த இரு முனைகளிலும் நின்று கத்திக்கொள்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

1920-களின் தொடக்கத்தில், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் தந்த பணத்தோடு அவர் அமெரிக்கா புறப்பட்டார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராக வேலை பார்க்க இயலாது. ஆகவே பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலையைச் செய்துகொண்டு பகலில் படித்தார். அவர் புறப்பட்ட பிறகு ஊரில் பிறந்த ஆண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோனது. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. சேஷகிரியை அவர் மறுபடி பார்க்கவும் இல்லை. பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தியாகம் என்ற சொல்லைப் போடுவது வழக்கம். யாருடைய தியாகம் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிப்பது அதுதான். அந்த அளவையின் வழியே தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் கண்டார்கள். தொடர்ந்து ஏ.டி.பி. என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த, உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைக் கண்டறிந்தார். தசை சுருங்குவதற்கான ஆற்றல் பற்றி நோபல் பரிசு பெற்றிருந்த கருத்தையே திருத்தி எழுத வைத்த பணி இது. 1930-இல் முனைவர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பேராசிரியர் பதவி மட்டும் கிடைக்கவில்லை.

1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு முழு நேரமாக மாறினார். விரைவில் அங்கே ஆராய்ச்சி இயக்குநரானார். பல்கலைக்கழகத்தைவிட்டுக் கம்பெனிக்குப் போவதை அன்றைய அறிஞர்கள் இறக்கமாகவே பார்த்தார்கள். அவருக்கோ அங்கேதான் கை நிறைய ஆட்களும் கருவிகளும் கிடைத்தன.

கல்லீரல் சாற்றில் சோகையைக் குணமாக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அதற்கு முன்பே, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்களைக் கொன்றுவந்த சோகையை ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். இயற்கைப் பொருளில் ஒளிந்திருந்த அந்தக் காரணியை வடித்தெடுத்து, அமைப்பைக் கண்டு, 1945-இல் செயற்கையாகவே தயாரித்துவிட்டது சுப்பாராவின் குழு. அதுவே ஃபோலிக் அமிலம். இன்று கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தோடு சேர்த்துத் தரப்படும் மாத்திரை. ஸ்புரூ நோயாளிகளின் இரத்தச் சோகையையும் அது நீக்கியது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த மருந்து கிடைத்தது. அதே ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அந்தக் கூடம் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947-48-இல் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து நோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்த மருந்து அவ்வாறு வந்தது. மெத்தோட்ரெக்சேட் அதன் உடன்பிறப்பு.

இனி யானைக்கால் நோய்க்கு வருகிறேன். ஒரு மருந்துக் கம்பெனி இந்த நோயில் ஏன் அக்கறை காட்டியது? இதை நான் வகுப்பறையில் கேள்வியாகவே வைப்பதுண்டு. பொருளாதாரத்தில் தேவை என்பது வெறும் விருப்பமல்ல, வாங்கும் சக்தி சேர்ந்த விருப்பம். காஞ்சியின் நெசவாளருக்கும் ஒரிசாவின் மீனவருக்கும் நோய் இருந்தது. சந்தையில் அவர்களுக்குக் குரல் இல்லை. குரல் உள்ளவர்களுக்கு அந்த நோய் வந்தது இரண்டாம் உலகப் போரில். சமோவா முதலிய பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் புழுவுக்கு ஆளாகி, கைகால்களும் விரைகளும் வீங்கித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி படைமுகாம்களில் நோயைவிட வேகமாகப் பரவியது. அதன் பின்னரே ஆய்வுக்கூடங்கள் இந்தப் பக்கம் திரும்பின.

போர் 1945-இல் முடிந்தது. படைவீரர்கள் வீடு திரும்பினார்கள்; கொசுக்கடி நின்றதும் பெரும்பாலோருக்கு நோயும் அடங்கியது. வாங்குபவர் போன பிறகும் லெடர்லியில் அந்த வேலை தொடர்ந்தது. இதற்கு சுப்பாராவே முதற் காரணம் என்பது என் கணிப்பு. வெப்பமண்டல நோய்களுக்கு மருந்து தேடித்தான் அவர் கடல் கடந்திருந்தார். ஆய்வை எங்கே தொடர்வது, எங்கே நிறுத்துவது என்று சொல்லும் நாற்காலியில் அப்போது அவர் இருந்தார். ரெஜினால்டு ஹியூயிட் என்ற ஒட்டுண்ணியியலாளர் பருத்தி எலிகளில் இயல்பாகவே காணப்படும் ஒருவகை ஃபைலேரியாப் புழுவின்மீது நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்தார். பைப்பரசின் வகையைச் சேர்ந்த ஒன்று, எலியின் இரத்தத்திலிருந்து நுண்புழுக்களை விரைவில் மறையச் செய்தது. வாய்வழி கொடுக்கலாம்; நஞ்சு குறைவு; செய்வது எளிது. 1947-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதே ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலித்தது.

இந்த மருந்து இயற்கையிலிருந்து வந்ததல்ல, முழுக்கச் செயற்கை. வியப்பு என்னவென்றால், சோதனைக் குழாயில் நுண்புழுக்களின்மீது நேரடியாக இட்டால் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மனித உடலுக்குள் போனால்தான், உடலின் சொந்த எதிர்ப்பாற்றலோடு சேர்ந்து வேலை செய்கிறது.

இயற்கையிலிருந்து வந்த மருந்தும் அதே கூடத்தில் அதே காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கரை எழுபது வயதுக்கு மேல் லெடர்லி வேலைக்கு வைத்திருந்தது. பல இடங்களிலிருந்து வரவழைத்த மண் மாதிரிகளில் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்ப்பது அவர் பணி. மிசௌரி மண்ணிலிருந்து கிடைத்த பொன்னிற நுண்ணுயிர் ஒன்று சுரந்த பொருளே ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. 1948 ஜூலையில் நியூயார்க்கில் மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஃபோலிக் அமிலத்தையும் டெட்ராசைக்ளினையும் சேர்த்துக் கொடுப்பதே ஸ்புரூ நோய்க்கு நிலைத்த சிகிச்சையாயிற்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தவை.

அறிவிப்பு வந்து மூன்று வாரங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், பேர்ல் ரிவரில் உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் இறந்தார். இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் 1946-இல் இடம் தந்திருந்தும் அவர் இந்தியராகவே இருந்தார். விடுதலை பெற்ற நாட்டை அவர் கண்ணால் காணவில்லை. 1995-இல், நூற்றாண்டின்போது, இந்திய அரசு ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது.

அவர் மறைந்தபோது யானைக்கால் நோய்க்கு மருந்து இருந்தது. காஞ்சிபுரத்தில் கால்கள் வீங்கிக்கொண்டேயிருந்தன. இந்த அரை நூற்றாண்டு இடைவெளியை ஆராய்ச்சியின் தோல்வி என்று சொல்ல முடியாது. 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இரவில் வீடு வீடாகச் சென்று விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள். நுண்புழு தென்பட்டவருக்குப் பன்னிரண்டு நாள் மாத்திரை. நடு இரவில் கதவைத் தட்டும் அரசு ஊழியரை யார் வரவேற்பார்? மாத்திரை உண்டவருக்கு, செத்து மடியும் புழுக்களின் விளைவாகக் காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் வரும். நோயே இல்லாமல் நன்றாக இருந்தவனை மாத்திரை படுக்கவைத்துவிட்டது என்ற பேச்சு அடுத்த தெருவுக்குப் போக ஒரு நாள் போதும். நுண்புழு உள்ளவர் நலமாகத் தோன்றுவதும், கால் வீங்கியவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இல்லாமல் போவதும் இந்த நோயின் இயல்பு. ஆகவே நலமாயிருப்பவருக்கு மருந்து. நோயாளி என்று ஊர் அறிந்தவருக்கு அதனால் பயன் குறைவு. இதை மக்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல நாம் செலவிட்ட பணம் மிகச் சொற்பம்.

சீனா வேறு வழியில் போனது. சமையல் உப்பிலேயே இந்த மருந்தைக் கலந்து ஊர் ஊராகக் கொடுத்தது; 2007-இல் நோயை ஒழித்த நாடென்று அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை மருந்தை ஊரில் உள்ள எல்லோருக்கும் கொடுத்தாலே பரவல் குறையும் என்பது 1990-களில் உறுதியான பிறகு, தமிழ்நாடு 1990-களின் பிற்பாதியில் அதை முன்னோடியாகத் தொடங்கியது. 2004-இல் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. அண்டை நாடான இலங்கை 2016-இல் நோயை ஒழித்ததற்கான உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றுவிட்டது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் இந்தப் புழுவுக்கென்று புது மருந்து தேடியவர்கள் மிகக் குறைவு. காப்புரிமை முடிந்து சில காசுகளுக்குக் கிடைக்கும் மாத்திரை இருக்கும்போது எந்தக் கம்பெனி முதலீடு செய்யும்? வந்த மருந்துகள் வந்த வழியைப் பாருங்கள். ஜப்பானில் சதோஷி ஓமுரா 1970-களில் மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிர் தந்த ஐவர்மெக்டின், முதலில் ஆடுமாடுகளின் புழு மருந்தாகச் சந்தைக்கு வந்து பெரும் பணம் ஈட்டியது. பிறகுதான் ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு இலவசமாகச் சென்றது. ஓமுராவுக்கும் அவரோடு உழைத்த வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவுக்கு மூலிகையிலிருந்து மருந்து பிரித்த சீனத்தின் தூ யூயூ அதில் பாதியைப் பெற்றார். ஆற்றோரக் குருட்டுநோய்க்காக இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படும் எமோடெப்சைடு, கமேலியா இலையில் வாழும் பூஞ்சை சுரக்கும் பொருளிலிருந்து வந்தது. பூனைகளின் குடற்புழு மருந்தாக அது முன்பே விற்பனையில் இருந்தது. படைவீரர், பசு, பூனை. இவர்களுக்கு ஏதேனும் வந்தால் ஏழைக்கும் ஒரு துளி சொட்டுகிறது. கல்கத்தாவின் ஒரு சிறு அறையில் காலா-அசாருக்கு யூரியா ஸ்டிபமைன் கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரியைப் போல, நோய் இருக்கும் ஊரிலேயே பிறந்த மருந்துகள் எண்ணிக்கையில் சொற்பம். இயற்கைச் சேர்மங்களில் மருந்து இல்லை என்பதல்ல பிரச்சினை. சித்த, ஆயுர்வேத ஏடுகளும் நம் மண்ணும் நம்மிடமே இருக்கின்றன. தேடலுக்குப் பணம் போடுகிறவருக்கு அதிலிருந்து வருமானம் இல்லை. ஆகவே அந்தப் பணத்தை அரசுதான் போட வேண்டும். இதை ஆராய்ச்சி மானியம் என்ற தலைப்பில் வைத்து ஆண்டுதோறும் வெட்டுவதைவிட, குடிநீர்க் குழாயைப் போலப் பொதுச் செலவாகக் கருதுவது சரியான கணக்காக இருக்கும்.

சுப்பாராவின் இரண்டு பாதைகளும் காலம் கடந்து ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன. யானைக்கால் புழுவின் உடலுக்குள் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழு இனம் பெருக்க இயலாது. டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினைச் சில வாரங்கள் கொடுத்தால் அந்த பாக்டீரியா அழிந்து, புழு மலடாகி, மெல்ல மடிகிறது என்பது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரியவந்தது. வாரக்கணக்கில் உண்ண வேண்டும் என்பதாலும் குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் ஆகாது என்பதாலும் ஊர் முழுவதற்கும் கொடுக்க முடியாது. தனி நோயாளிக்கு உதவுகிறது. ஊருக்குக் கொடுப்பதில் மண்ணிலிருந்து வந்த ஐவர்மெக்டினையும், சுப்பாராவ் கூடத்தின் பழைய மாத்திரையையும், அல்பெண்டசோலையும் சேர்த்து ஒரே வேளையாகத் தரும் மும்மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டு முதல் இந்தியாவின் சில மாவட்டங்களில் அது வழங்கப்படுகிறது.

ஏற்கெனவே வீங்கிப்போன காலை இவற்றில் எதுவும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண் வராமல் காத்து, காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் காய்ச்சலும் வலியும் திரும்பத் திரும்ப வருவது குறையும். முற்றிய நோயாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது.

உலக நாடுகளுக்கு இலவசமாகத் தருவதற்கென 220 கோடி டைஎத்தில்கார்பமசின் மாத்திரைகளை அளிப்பதாக ஜப்பானின் ஐசாய் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டது. 2013 முதல் அவற்றைத் தன் விசாகப்பட்டினம் ஆலையில் தயாரித்து அனுப்பிவருகிறது. பீமாவரத்திலிருந்து விசாகப்பட்டினம் சில மணி நேர ரயில் பயணம்.